விட்டு விட்டுக் கனக்கும் பவர் ஸ்டீயரிங்: காரணம் அறிந்து சரி செய்யும் முறைகள்

காலையில் கொட்டகையிலிருந்து எடுக்கும்போது ஒரு விரலால் திருப்பக்கூடிய அளவுக்கு இலகுவாக இருக்கும் டிராக்டரின் ஸ்டீயரிங், பத்து மணிக்கு மேல் திடீரென்று கனக்கிறது. சிறிது நேரம் கழித்துத் தானாகவே சரியாகி விடுகிறது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டு சென்றால் எந்தக் குறையும் தெரிவதில்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லி அனுப்பி விடுகிறார். அடுத்த வாரம் நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லருடன் வாய்க்கால் கரையில் திரும்பும்போது அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுகிறது.

முழுவதும் பழுதான கருவியைச் சரி செய்வது எளிது. விட்டு விட்டு வரும் கோளாறுதான் உழவருக்குச் செலவையும் ஆபத்தையும் ஒருங்கே தருவது. காரணம் தெரியாமல் முதலில் பம்பை மாற்றுவது, பிறகு ஸ்டீயரிங் யூனிட்டை மாற்றுவது, அதன் பின்னும் குறை தீராமல் தவிப்பது என்பது பல இடங்களிலும் நடப்பதே. தளர்ந்துபோன ஒரு கிளாம்பு கூட இத்தனை தொல்லைக்கும் காரணமாக இருக்கக்கூடும். எனவே பாகங்களைக் கழற்றுவதற்கு முன்பாகக் கோளாறின் போக்கை அறிந்து கொள்வது அவசியமாகும்.

பவர் ஸ்டீயரிங் இயங்கும் விதம்

வண்டியின் என்ஜின் சக்தியைக் கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஏற்பாட்டை அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926ஆம் ஆண்டில் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951இல் அது விற்பனைக்கான கார்களில் இடம் பெற்றது. பின்னர் டிராக்டர்களுக்கும் வந்தது. இன்று நம் வயல்களில் ஓடும் பவர் ஸ்டீயரிங் டிராக்டர்களில் பெரும்பாலானவை முற்றிலும் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. இவற்றில் ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் முன் சக்கரங்களுக்கும் இடையே இரும்புத் தண்டோ, பல்சக்கரமோ நேரடித் தொடர்பாக இல்லை. இடையே இருப்பது ஆயில் மட்டுமே.

இதில் ஐந்து உறுப்புகள் உள்ளன. முதலாவது ஆயில் தொட்டி. சில டிராக்டர்களில் இது தனியாக இருக்கும். வேறு சிலவற்றில் கியர் பெட்டியின் ஆயிலே இதற்கும் பயன்படும். இரண்டாவது, என்ஜினால் சுழலும் பம்ப். மூன்றாவது, ஸ்டீயரிங் தண்டின் அடியில் உள்ள ஸ்டீயரிங் யூனிட். ஓட்டுநர் எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புகிறாரோ அந்த அளவுக்கு ஆயிலை அளந்து அனுப்புவது இதன் வேலை. நான்காவது, முன் அச்சில் உள்ள சிலிண்டர். இதன் ஒரு பக்கம் ஆயில் நுழைந்தால் பிஸ்டன் நகர்ந்து சக்கரங்களைத் திருப்புகிறது. ஐந்தாவது, அழுத்தம் மிகும்போது ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடும் ரிலீப் வால்வு.

வயலுக்கு நீர் பாய்ச்சுவதோடு இதை ஒப்பிடலாம். கிணற்றில் நீர் இருக்க வேண்டும். மோட்டார் காற்றை இழுக்காமல் நீரை இழுக்க வேண்டும். வாய்க்காலில் அடைப்போ உடைப்போ இருக்கக் கூடாது. மடை சரியாகத் திறந்து மூட வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் கடைமடைக்கு நீர் போய்ச் சேராது. ஸ்டீயரிங்கின் கடைமடை முன் அச்சிலுள்ள சிலிண்டராகும்.

முதல் மருந்து ஒரு குறிப்பேடு

விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிக்க வல்ல முதற்கருவி ஒரு சிறு நோட்டும் பென்சிலுமே. கோளாறு தோன்றும்போதெல்லாம் கீழ்க்கண்டவற்றை ஓட்டுநர் குறித்து வைக்க வேண்டும்.

1. என்ஜினை இயக்கி எவ்வளவு நேரம் கழித்துக் கனத்தது?

2. என்ஜின் மெதுவாக ஓடும்போது கனக்கிறதா, வேகமாக ஓடும்போது கனக்கிறதா?

3. இரு பக்கமும் கனக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா?

4. கலப்பையைத் தூக்கும்போதோ, முன் பக்கெட்டை இயக்கும்போதோ மட்டும் கனக்கிறதா?

5. மேடு பள்ளத்திலும், வண்டி சாய்ந்து நிற்கும்போதும் அதிகமாகிறதா?

6. உறுமல், சீறல் போன்ற ஓசை ஏதும் உடன் வருகிறதா?

7. சேற்று உழவுக்குப் பிறகோ, வண்டியைக் கழுவிய பிறகோ, ஆயில் மாற்றிய பிறகோ தொடங்கியதா?

ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால் பாதி நோய் தெரிந்துவிடும். டிராக்டரை ஓட்டுபவர் ஒருவராகவும் உரிமையாளர் வேறொருவராகவும் இருக்கும் இடங்களில் இது இன்னும் முக்கியம். பட்டறையில் பேசுபவர் உரிமையாளர், கனத்ததைக் கையால் உணர்ந்தவர் ஓட்டுநர். மெக்கானிக்கிடம் செல்லும்போது ஓட்டுநரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

பவர் ஸ்டீயரிங்கைச் சேராத காரணங்கள்

ஆயில் பாகங்களின் மீது பழி போடுமுன் முன் அச்சைப் பார்க்க வேண்டும். முன் டயர்களில் காற்று குறைந்தால் எந்த ஸ்டீயரிங்கும் கனக்கும். மெல்லக் காற்று இறங்கும் டயர் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் இருப்பதால் கோளாறு விட்டு விட்டு வருவது போலத் தோன்றும். கிங் பின், டை ராடு முனைகள், முன் அச்சின் நடுப் பின் ஆகியவற்றில் கிரீஸ் வற்றினாலும், சேறு புகுந்தாலும் இறுக்கம் உண்டாகும். கிரீஸ் நிப்பிள் மண்ணால் அடைபட்டிருந்தால் கிரீஸ் கன் அடித்தும் பயனில்லை. பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வருகிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

இதை உறுதி செய்ய வழி உண்டு. சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் கை வைக்கக் கூடாது. என்ஜினை நிறுத்தி, சிலிண்டர் தண்டின் இணைப்புகளைக் கழற்றிவிட்டுச் சக்கரங்களைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். தடையின்றித் திரும்பினால் முன் அச்சில் குற்றமில்லை. ஓரிடத்தில் பிடித்தால் கோளாறு இரும்பில் உள்ளது, ஆயிலில் அல்ல.

ஸ்டீயரிங் தண்டின் பேரிங்கும் பற்களும் துருப்பிடித்து இறுகுவதும் உண்டு. அப்போது திருப்பிய பிறகு யூனிட்டின் வால்வு நடுநிலைக்குத் திரும்பாமல் தங்கிவிடும். வண்டியும் ஒரு பக்கமாக இழுக்கும்.

இன்னொன்றையும் உழவர்கள் பிரித்தறிய வேண்டும். டிரெய்லரில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும்போது, அதிலும் பாரம் முன்பக்கமாகக் குவிந்திருக்கும்போது, கொக்கி கீழ்நோக்கி அழுந்தி டிராக்டரின் முன் சக்கரங்கள் இலேசாகின்றன. அப்போது ஸ்டீயரிங் இலகுவாகவே சுழலும், சக்கரங்களும் திரும்பும், ஆனால் வண்டி நேராகவே போகும். இது பவர் ஸ்டீயரிங் கோளாறு அன்று. பாரத்தைக் குறைப்பதும், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு முன் எடைகளைப் பொருத்துவதுமே இதற்குப் பரிகாரம்.

ஸ்டீயரிங் சக்கரத்தின் கம்பிகள் நேற்று நேராக இருந்து இன்று சாய்ந்திருப்பதைக் கண்டும் அஞ்ச வேண்டியதில்லை. நேரடி இரும்புத் தொடர்பு இல்லாத அமைப்பில் சிறிதளவு ஆயில் நழுவுவதால் இவ்வாறு நிலை மாறுவது இயல்பு.

ஆயில் சொல்லும் செய்தி

அடுத்தபடி தொட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். திறக்குமுன் மூடியைச் சுற்றியுள்ள தூசியைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். ஸ்டீயரிங் யூனிட்டின் உள் இடைவெளிகள் தலைமுடியின் பருமனைவிடப் பல மடங்கு சிறியவை. ஒரு சிட்டிகை மண் போதும், வால்வு சிக்கிக் கொள்ளும். அந்த மண் துகள் நகரும்போது கோளாறு நீங்கும், மீண்டும் வந்து சிக்கும்போது கோளாறு திரும்பும். விட்டு விட்டு வரும் கோளாறுகளுக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஆயில் குறைவாக இருந்தால் வண்டி சாயும்போதும் திரும்பும்போதும் ஆயில் ஒருபுறம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். சமதரையில் சரியாகவும் வரப்பேறும்போது கனமாகவும் இருப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது என்று பொருள். ஆனால் நுரையும் ஆயிலை வெளுப்பாகக் காட்டும். இரண்டையும் பிரித்தறிய, ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது ஆயிலை எடுத்து அரை மணி நேரம் வைக்க வேண்டும். குமிழிகள் மேலே வந்து ஆயில் தெளிந்தால் அது காற்று. வெளுப்பு மாறாமலே இருந்தாலும், அடியில் நீர் தங்கினாலும் அது நீர்க்கலப்பு. ஆயில் கருத்துக் கருகிய வாடை வீசினால் மிகையாகச் சூடேறியிருக்கிறது. பளபளக்கும் இரும்புப் பொடி தெரிந்தால் பம்போ பிற பாகமோ தேய்கிறது.

ஆயிலின் வகையை டிராக்டருடன் தரப்பட்ட கையேட்டில் பார்த்தே ஊற்ற வேண்டும். கியர் பெட்டி ஆயிலைப் பகிர்ந்து கொள்ளும் அமைப்புக்கும், தனித் தொட்டி அமைப்புக்கும் ஆயில் வேறு வேறாக இருக்கலாம். கையில் கிடைத்த என்ஜின் ஆயிலை ஊற்றுவதும், வடித்தெடுத்த பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி மீண்டும் ஊற்றுவதும் மிச்சம் பிடிப்பதாகத் தோன்றினாலும் முடிவில் யூனிட்டையே பலி கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவு

ஆயில் சொட்டினால் எல்லோரும் கவனிக்கிறார்கள். ஆனால் சொட்டாத கசிவும் உண்டு. தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள ஹோஸ் உறிஞ்சும் பக்கத்தைச் சேர்ந்தது. என்ஜின் ஓடும்போது இதனுள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவாக இருக்கும். ஆகவே இங்கே கிளாம்பு தளர்ந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அழுத்தப் பக்கத்துக் கசிவு தரையில் தெரியும். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு ஸ்டீயரிங்கில்தான் தெரியும்.

காற்று கலந்த ஆயில் பஞ்சு போல அமுங்கும். அதனால் ஸ்டீயரிங் விட்டு விட்டுத் துள்ளும், பம்ப் உறுமும், தொட்டியில் நுரை தெரியும். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ரோட்டவேட்டர் ஓட்டும் டிராக்டர் ஒன்றில் ஒரு மணி நேரத்துக்குப் பின் ஸ்டீயரிங் துள்ளித் துள்ளிக் கனக்கிறது என்று வைத்துக் கொள்வோம். தரையில் ஆயில் சொட்டவில்லை. தொட்டியில் அளவும் குறையவில்லை. ஆனால் நுரை இருக்கிறது. அளவு சரியாக இருந்தும் நுரை வருவதால் காற்று வேறு வழியாக நுழைகிறது என்பது தெளிவு. சூடேறியதும் ரப்பர் ஹோஸ் மென்மையாகிக் கிளாம்பின் பிடி தளர்வதால் அது நிகழ்கிறது. இரவில் வண்டி குளிர்ந்ததும் பிடி மீண்டும் இறுகுகிறது. அதனால்தான் காலையில் பட்டறையில் எதுவும் தெரிவதில்லை. இத்தகைய நிலையில் பம்பை மாற்றினால் பணம் செலவாகும், குறை தீராது.

காற்று நுழையும் இடத்தைக் கண்டறிய எளிய வழி உள்ளது. கோளாறு தோன்றும் நேரத்தில் என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, சுழலும் பாகங்களில் கையோ துணியோ படாதவாறு, உறிஞ்சும் பக்கத்து இணைப்புகளின் மேல் ஒவ்வொன்றாகச் சில சொட்டு அதே வகை ஆயிலை விட வேண்டும். எந்த இணைப்பில் விட்டதும் உறுமல் சிறிது நேரம் அடங்குகிறதோ அங்கேதான் காற்று நுழைகிறது. இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியில் அந்த இணைப்பின் மேல் மட்டும் ஈரமும் தூசியும் ஒட்டியிருப்பதும் ஓர் அடையாளம். புதிய கிளாம்பு, தேவையானால் புதிய ஹோஸ், இதுவே சிகிச்சை. பம்பின் தண்டிலுள்ள ஆயில் சீல் தேய்ந்தாலும் இவ்வாறே காற்று புகும்.

உறிஞ்சும் பக்கத்தில் வேறொரு மறைவான குறையும் ஏற்படலாம். வெளியே நன்றாகத் தோன்றும் பழைய ஹோஸின் உள் ரப்பர் மட்டும் உரிந்து மடிந்து, என்ஜின் வேகமாக ஓடும்போது வழியை அடைக்கும். வடிகட்டி அடைபட்டாலும் இதே குறிதான். மெதுவாக ஓடும்போது சரியாகவும், வேகத்தைக் கூட்டும்போது உறுமலுடன் கனமாகவும் இருந்தால் ஹோஸையும் வடிகட்டியையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

சூடேறியதும் கனத்தால்

காற்றும் நுரையும் இல்லாமல், ஆயில் சூடேறிய பின்பு மட்டும், அதிலும் என்ஜின் மெதுவாக ஓடும்போது கனத்தால் உட்கசிவை ஐயுற வேண்டும். சூட்டில் ஆயில் நீர்த்துப் போகிறது. பம்ப், யூனிட், சிலிண்டர் ஆகியவற்றில் தேய்மானத்தால் உண்டான இடைவெளிகள் வழியாக அது எளிதில் நழுவி விடுகிறது. என்ஜின் வேகத்தைக் கூட்டினால் பம்ப் அதிக ஆயிலைத் தருவதால் குறை தற்காலிகமாக மறைகிறது.

உட்கசிவை அறிய ஒரு சுற்றுக் கணக்கு உதவும். ஸ்டீயரிங் சக்கரத்தில் ஓரிடத்தில் துணி கட்டி அடையாளம் செய்து, இடக் கோடியிலிருந்து வலக் கோடிக்கு எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். யூனிட் ஒரு சுற்றுக்கு 80 மில்லி லிட்டர் ஆயிலை அனுப்புகிறது என்றும், சிலிண்டருக்கு 300 மில்லி லிட்டர் தேவை என்றும் கொண்டால், 300 வகுத்தல் 80, அதாவது மூன்றே முக்கால் சுற்றில் சக்கரம் கோடிக்குக் கோடி திரும்ப வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஏறத்தாழ அவ்வாறே இருந்து, சூடேறியபின் ஐந்து சுற்று தேவைப்பட்டால் ஒன்றே கால் சுற்றுக்கான ஆயில் வழியில் நழுவுகிறது என்பது கணக்கு. டிராக்டர் புதிதாக இருக்கும்போதே இந்தச் சுற்றுக் கணக்கை எண்ணிக் குறித்து வைத்தால் பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நழுவுவது சிலிண்டரிலா யூனிட்டிலா என்பதை மெக்கானிக் பிரித்தறிய முடியும். என்ஜினை நிறுத்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் சில முறை அசைத்து அழுத்தத்தை விடுவித்தபின், சிலிண்டருக்குப் போகும் இரு ஹோஸ்களையும் கழற்றி, அவற்றின் முனைகளை அழுத்தம் தாங்கும் எஃகு அடைப்பான்களால் அடைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். இப்போது ஸ்டீயரிங் உறுதியாகத் தடுத்து நின்றால் குறை சிலிண்டரின் பிஸ்டன் சீலில் உள்ளது. அப்போதும் எளிதில் சுழன்று கொண்டே இருந்தால் குறை யூனிட்டில். சீல்களை மாற்றுவதற்கும் யூனிட்டையே மாற்றுவதற்கும் செலவில் பெருத்த வேறுபாடு உண்டாதலால் இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

சேற்று உழவு செய்யும் டிராக்டர்களில் சிலிண்டர் தண்டின் மேல் சேறு காய்ந்து ஒட்டிக் கொள்கிறது. மறுநாள் அப்படியே ஓட்டினால் காய்ந்த மண் உப்புத்தாள் போலச் சீலைத் தேய்க்கும். எனவே சேற்று உழவு முடிந்த அன்றே தண்டை நீர் விட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தண்டில் கீறலோ துருப்புள்ளியோ இருந்தால், புதிய சீலும் நீடிக்காது. தண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் கனத்தால்

பம்பும் தொட்டியும் இரு பக்கத்துக்கும் பொதுவானவை. ஆகையால் ஒரு பக்கம் மட்டும் கனக்கும்போது அவற்றைச் சந்தேகிப்பது வீண். அந்தப் பக்கத்து ஹோஸ் நசுங்கியிருக்கிறதா, சிலிண்டர் தண்டு வளைந்துள்ளதா, யூனிட்டினுள் அந்தப் பக்கத்துக்குரிய வால்வில் தூசி சிக்கியுள்ளதா என்றே பார்க்க வேண்டும்.

சில டிராக்டர்களில் ஒரே பம்ப் ஸ்டீயரிங்குக்கும் முன் பக்கெட் போன்ற கருவிகளுக்கும் ஆயில் தருகிறது. அங்கே ஸ்டீயரிங்குக்கு முதலிடம் கொடுத்து ஆயிலைப் பிரித்துவிட முன்னுரிமை வால்வு ஒன்று இருக்கும். பக்கெட்டைத் தூக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் கனத்தால் அந்த வால்வு சிக்குகிறது என்பதற்கு அது அறிகுறி. கழற்றிச் சுத்தம் செய்வதே பெரும்பாலும் போதுமானது.

அழுத்தத்தை அளந்து பார்த்தல்

இவ்வளவுக்குப் பின்னும் காரணம் தெளிவாகாவிட்டால் பம்புக்கும் யூனிட்டுக்கும் இடையே பிரஷர் கேஜ் பொருத்தி அளக்க வேண்டும். ஆயில் சூடான நிலையில், ஸ்டீயரிங்கைக் கோடி வரை ஒடித்து, ஐந்து வினாடிக்கு மேற்படாமல் பிடித்து, அளவைக் குறிக்க வேண்டும். அதைக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். குளிர்ந்தபோது சரியாகவும் சூட்டில் குறைவாகவும் இருந்தால் பம்ப் தேய்ந்திருக்கலாம். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரியாகக் குறைந்திருந்தால் ரிலீப் வால்வின் சுருள்வில் தளர்ந்திருக்கலாம் அல்லது அதன் இருக்கையில் தூசி இருக்கலாம்.

ரிலீப் வால்வின் சுருள்வில்லுக்கு அடியில் வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. ஸ்டீயரிங் அப்போதைக்கு இலகுவாகும். ஆனால் ஹோஸ் வெடிக்கவும் சீல் கிழியவும் அதுவே வழி செய்யும். ஓடும் வண்டியில் ஹோஸ் வெடித்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அழுத்தப் பக்கத்துக் கசிவை ஒருபோதும் கையால் தடவித் தேடக் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே சென்று விடும். வெளிக்காயம் சிறிதாகவே தெரியும், ஆனால் உள்ளே தசை அழுகிக் கையையே இழக்க நேரிடலாம். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தே கசிவை அறிய வேண்டும். தவறி ஆயில் பாய்ந்துவிட்டால், வலி இல்லை என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, நடந்ததை மருத்துவரிடம் தெளிவாகக் கூற வேண்டும்.

காற்றை வெளியேற்றும் முறை

ஹோஸ், சீல், பம்ப் எதை மாற்றினாலும் இறுதியில் அமைப்பில் தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டியில் சரியான ஆயிலைக் குறியளவுக்கு நிரப்ப வேண்டும். முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கித் தாங்கியில் நிறுத்த வேண்டும். என்ஜினை மிக மெதுவாக ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிதானமாகப் பல முறை திருப்ப வேண்டும். கோடியில் பிடித்து நிறுத்தக் கூடாது. இடையிடையே என்ஜினை நிறுத்தி ஆயில் அளவைச் சரி பார்த்து, குறைந்தால் ஊற்ற வேண்டும். நுரை அடங்கி, திருப்பும்போது துள்ளல் நின்றால் காற்று வெளியேறிவிட்டது. அவசரப்பட்டு என்ஜினை வேகமாக ஓட்டினால் காற்று சிறு குமிழிகளாக ஆயிலோடு கலந்து வெளியேற நெடுநேரம் ஆகும்.

உடனே நிறுத்த வேண்டிய நிலைகள்

சில குறிகள் தெரிந்தால் "இன்று ஒரு நாள் ஓட்டிவிடலாம்" என்று எண்ணவே கூடாது. கையை எடுத்த பின்னும் ஸ்டீயரிங் தானாகச் சுழல்வது, திருப்பிய பின் நேராகாமல் தங்கிவிடுவது, திருப்பியும் சக்கரம் அசையாமல் இருப்பது, ஆயில் அளவு திடீரென்று இறங்குவது ஆகியவை அவை. யூனிட்டின் உட்சுருள்வில் ஒடிந்தாலோ, வால்வு இறுகினாலோ, பழுது பார்த்தபின் ஹோஸ்களை இடம் மாற்றிப் பொருத்தினாலோ இவ்வாறு நேரும். டிராக்டரை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

சாலையில் போகும்போது ஸ்டீயரிங் கனத்துவிட்டால் ஓட்டுநர் பதறி என்ஜினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பம்பும் நின்றுவிடும். வேகத்தைக் குறைத்து, இரு கைகளாலும் பலமாகத் திருப்பி வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பம்ப் நின்றாலும் தொட்டியில் ஆயில் இருக்கும் வரை யூனிட் ஒரு கைப்பம்ப் போல இயங்கிச் சக்கரங்களைத் திருப்பும். ஆனால் மிகுந்த பலம் வேண்டும், சுற்றுகளும் கூடும். சாலையில் செல்லும்போது இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைத்தே வைத்திருக்க வேண்டும். பிரிந்திருக்கும் மிதிகளில் ஒன்றை மட்டும் பதற்றத்தில் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும்.

கார், சரக்கு வண்டிகளில்

உழவர் வீடுகளில் இன்று காரும் சிறு சரக்கு வண்டியும் உள்ளன. இவற்றில் ஆயில் பம்பைப் பெல்ட் சுழற்றும் வகையில், மழைநாளில் மட்டும் கனத்தால் பெல்ட் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய கார்களில் பெரும்பாலும் ஆயிலே கிடையாது, மின் மோட்டாரே உதவுகிறது. அங்கே விட்டு விட்டு வரும் கோளாறுக்கு மின்சாரமே முதற் காரணம். பாட்டரி முனைகளில் பூத்த உப்பு, தளர்ந்த எர்த் இணைப்பு, ஈரம் புகுந்த கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பாட்டரி முழுச் சார்ஜில், என்ஜின் நின்றிருக்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் காட்டும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டுவதற்கு முன், ஸ்கேனர் கருவியால் கோளாறுப் பதிவைப் படித்துவிட வேண்டும். குறுகிய இடத்தில் திரும்பத் திரும்ப ஒடித்தால் மோட்டார் சூடாகி உதவியைக் குறைத்துக் கொள்வதும், ஆறியதும் சரியாவதும் பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடாகும்.

வருமுன் காத்தல்

நாள்தோறும் ஆயில் அளவு, டயர் காற்று, ஹோஸ்களின் நிலை ஆகியவற்றைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சேற்று உழவுக் காலத்தில் முன் அச்சுக்கு நாள்தோறும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆயிலையும் பில்டரையும் கையேட்டில் குறித்த மணிக்கணக்கின்படி மாற்ற வேண்டும். கோடியில் ஒடித்துப் பிடிக்கும் பழக்கத்தை விட வேண்டும். அப்போது எழும் சீறல் ஓசை, ரிலீப் வால்வு வழியாக ஆயில் சூடேறுவதன் அறிகுறி. வண்டி நின்றிருக்கும்போது திருப்புவதை விட, சிறிது நகர்த்திக் கொண்டே திருப்புவது எல்லாப் பாகங்களுக்கும் நல்லது.

டிராக்டர் பராமரிப்புப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகலாம். ஆந்திரப் பிரதேசத்தில் அனந்தபூரை அடுத்த கார்லதின்னேயில் உள்ள மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையமும் இத்துறையில் பயிற்சிகள் அளித்து வருகிறது.

கோளாறு வந்து தானாகவே போய்விட்டது என்றால் அது தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அடுத்த முறை அது உழுத வயலில் வராமல், பாரம் ஏற்றிய டிரெய்லருடன் பாலத்தின் மேல் போகும்போது வரலாம். முதன்முறை கனத்த அன்றே நோட்டை எடுத்துக் குறித்து, ஆயிலையும் ஹோஸையும் கிரீஸையும் வரிசையாகப் பார்த்துவிடும் உழவருக்கு வீண் செலவும் இல்லை, ஓட்டுநரின் உயிருக்கு ஊறும் இல்லை.